சீட்டித் துணி டாப்ஸ்: கொடுக்கிற காசுக்குத் தகுமா?

ஏப்ரல் 14, வந்த கேள்வி

“ராஜஸ்தான் கையச்சு, சுத்தப் பருத்தி என்று சொல்லிப் புதுச்சேரியில் ஒரு டாப்ஸை 850 ரூபாய்க்கு என் தலையில் கட்டினார்கள். மூன்றாவது துவைப்பிலேயே பூவெல்லாம் வெளிறிவிட்டது. கையச்சு என்பதே காசு பிடுங்க ஒரு பெயர். கடலூர் வெயிலுக்கு நைட்டித் துணி போதாதா? இல்லை என்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.”

ஏப்ரல் 14, இரவு 9.40

நான் சொல்கிறேன். பதினோரு வருடமாகக் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் பஸ்ஸில் போய்வருகிறேன். மார்ச் தொடங்கி ஜூலை வரை உடுத்துவது அச்சுப் போட்ட மல் துணி டாப்ஸ்தான். நல்லதும் வாங்கியிருக்கிறேன், ஏமாந்தும் இருக்கிறேன்.

நைட்டித் துணி பெரும்பாலும் தடித்த நூல். வீட்டில் தொளதொளவென்று போடும்போது கீழிருந்து காற்று ஏறுவதால் அந்தத் தடிப்பு தெரிவதில்லை. அதே துணியில் உடம்பை ஒட்டி ஒரு டாப்ஸ் தைத்துப் போட்டுக்கொண்டு, மே மாத மதியம் நின்றபடி அரியாங்குப்பம் பாலம் தாண்டிப் பாருங்கள். முதுகில் ஒட்டிய துணி வீடு வரும்வரை காயாது. மல் துணி நனையும், ஆனால் ஜன்னல் காற்று பட்டதும் காய்ந்துவிடும். நம் ஊர் வெயிலை விடப் புழுக்கம்தான் பெரிய தொல்லை என்பதால், சீக்கிரம் காய்வதுதான் எனக்கு முதல் கணக்கு.

குளிர்ச்சி தருவது அச்சு அல்ல, அடித்துணி. கையச்சா (செதுக்கிய மரக்கட்டையில் சாயம் தொட்டுக் கையால் அடித்ததா) இல்லையா என்பது வேறு கேள்வி. உங்கள் பூ வெளிறியது மூன்றாவது கேள்வி. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள்.

ஏப்ரல் 15, காலை 7.15

மல் துணி என்றால் என்ன என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். மல் வேட்டி என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள், அதே மல். மெல்லிய நூலில், நெருக்கிக் கட்டாமல் நெய்த வெள்ளைத் துணி.

குறிஞ்சிப்பாடியில் கைலி நெய்யும் உறவுக்காரர் ஒருவர் எனக்கு நூல் நம்பரை விளக்கினார். ஒரு சிட்டம் 840 கஜம். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் நிற்கிறதோ அதுதான் நம்பர். நாற்பதாம் நம்பர் என்றால் நாற்பது சிட்டம், நூறாம் நம்பர் என்றால் நூறு. நம்பர் ஏற ஏற நூல் மெலிகிறது. கடையில் “காட்டனா?” என்று மட்டும் கேட்காமல் “எத்தனாம் நம்பர்?” என்றும் கேளுங்கள். பதில் தெரியாத கடைக்காரரும் உண்டு. அப்போது துணியை முகத்தருகே பிடித்து ஊதிப் பாருங்கள். மூச்சு அந்தப் பக்கம் போக வேண்டும்.

ஏப்ரல் 15, இரவு

நூலை உருவிக் கொளுத்திப் பார்த்தால் பருத்தியா என்று தெரிந்துவிடும், காகிதம் எரியும் வாசனை வரும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. பாலியஸ்டர் உருகி மணி மணியாகக் கெட்டியாகும், அது தெரியும். ரேயான் அப்படி இல்லை. அது மரக்கூழிலிருந்து வருவதால் பருத்தி போலவே எரியும், அதே வாசனைதான். இப்போது பருத்தி என்று சொல்லி விற்பதில் ரேயான் நிறைய. அதைக் கண்டுபிடிக்க நூலை நனைத்து இழுக்க வேண்டும். நனைந்த ரேயான் பட்டென்று அறும், நனைந்த பருத்தி முன்பைவிட உறுதியாக நிற்கும்.

ரேயான் வழுவழுப்பாக விழும், கண்ணாடி முன் அழகாகவும் இருக்கும். வியர்வையில் நனைந்தால் கனத்து உடம்போடு அப்பிக்கொள்ளும்.

ஏப்ரல் 17

இனி கையச்சு. பேட்டையைச் சேர்ந்த ஒருவர் “எப்படிக் கண்டுபிடிப்பது, ஒரே வரியில் சொல்லுங்கள்” என்கிறார். ஒரு வரியில் அடங்காது.

நான் முதலில் பார்ப்பது துணியின் மறுபக்கம். மெல்லிய துணியில் கையச்சுச் சாயம் ஊடுருவி அந்தப் பக்கமும் கண்ணுக்குத் தெரியும். பிக்மென்ட் என்கிற, பசை கலந்து பூசும் வண்ணம் மேலேயே தங்கிவிடும். விரலால் தடவினால் பூ இருக்கும் இடம் சற்றே முரமுரப்பாக இருக்கும். எனக்கு இதுதான் முக்கியம். மூச்சு விடுகிற துணியின் மேல் ஒரு படலம் பூசினால் அந்த இடத்தில் துணி மெல்லியதாக இருந்து என்ன பயன்?

அடுத்து, ஒரே பிழை திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். ஒரே இடத்தில் ஒரே புள்ளி விடுபட்டு, அதே தூரத்தில் மறுபடி வந்தால் அது ஸ்கிரீன் அச்சு, அதாவது சட்டத்தில் கட்டிய வலை வழியாகச் சாயத்தைத் தள்ளுவது. கையால் அடிக்கும்போது பிழை ஒரே மாதிரி வராது.

ஏப்ரல் 18, காலை

நேற்று எழுதிய கடைசி வரிகள் தவறு. இரவில் படுத்தபடி யோசித்தபோதுதான் உறைத்தது. அச்சுக்கட்டையில் ஒரு இதழின் நுனி உடைந்திருந்தால், கட்டை வைக்கும் ஒவ்வொரு முறையும் அதே நுனி காணாமல்தான் போகும். ஆகவே திரும்ப வரும் பிழை கட்டையிலும் உண்டு.

பார்க்க வேண்டியது எவ்வளவு தூரத்தில் திரும்புகிறது என்பதை. கட்டை ஒரு கையால் தூக்குகிற அளவுதான் இருக்கும். கட்டையும் கட்டையும் சேரும் இடத்தில் மயிரிழை விலகலோ, ஒன்றின்மேல் ஒன்று ஏறி அடர்ந்த கோடோ தெரியும். ஒவ்வொரு அடியின் அழுத்தமும் மாறும், ஒரு பூ அடர்த்தி, பக்கத்துப் பூ மெலிவு. பூவின் கோடு முதலில், நிறம் அடுத்த கட்டையில் என்று தனித்தனியாக அடிப்பதால் நிறம் கோட்டைத் தாண்டி ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். என்னிடம் உள்ள ஒரு டாப்ஸில் எல்லா இலையும் பச்சையை இடப்பக்கமாகச் சிந்தியிருக்கிறது. எனக்கு அது மிகவும் பிடிக்கும்.

ஜெய்ப்பூர் பக்கத்து சங்கானேர், பக்ரு என்ற இரண்டு ஊர்ப் பெயரும் கடைகளில் அடிபடும். வெள்ளைத் தரையில் நுணுக்கமான பூங்கொடி என்றால் சங்கானேர் பாணி. பழுப்பேறிய சந்தன நிறத் தரையில் கறுப்பும் சிவப்பும் என்றால் பக்ரு பாணி. பக்ருவில் சேறும் சுண்ணாம்பும் பிசினும் கலந்து துணியில் அடித்துச் சாயம் ஏறாமல் காப்பதும் உண்டு.

ஏப்ரல் 21, ஞாயிறு

காலையில் அம்மாவை அழைத்துக்கொண்டு புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தைக்குப் போனேன். ஒரு குவியலில் மீட்டர் துணி இருந்தது. வெள்ளை மல், சின்னச் சின்னச் சிவப்புப் பூ. அம்மா எடுத்துப் பார்த்து, “சீட்டி மாதிரி இருக்குதே” என்றார்.

அம்மா பரங்கிப்பேட்டையில் பிறந்தவர். சிறு பெண்ணாக இருந்தபோது சீட்டிப் பாவாடை கட்டியிருக்கிறார். பூப்போட்ட அச்சுத் துணி எல்லாமே அவர்களுக்குச் சீட்டிதான். நான் பத்து வருடமாக “பிளாக் பிரின்ட்” என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், வீட்டிலேயே ஒரு சொல் இருந்திருக்கிறது. ஆங்கிலக்காரர் சின்ட்ஸ் என்று சொன்னதும் நம் சீட்டியும் ஒரே வேரிலிருந்து வந்தவை. தெளித்த புள்ளி என்று பொருள்படும் இந்திச் சொல் அது. இந்தக் கேள்விபதில் தொடரின் தலைப்பையும் அதனால்தான் மாற்றினேன்.

அந்தத் துணியில் இரண்டரை மீட்டர் வாங்கினேன். கையச்சா என்று சந்தேகம் இருக்கிறது, வீட்டில் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 22, இரவு

“ராஜஸ்தான் சரக்குக்கும் நம் ஊருக்கும் என்ன சம்பந்தம், ஏன் இவ்வளவு பாசம்?” என்று கேட்டவருக்கு இது. நீளமாகத்தான் இருக்கும்.

நீங்களும் நானும் நிற்கிற இந்தக் கரைதான் ஒரு காலத்தில் உலகத்துக்குப் பூத்துணி அனுப்பியது. பிரெஞ்சுக்காரர் 1674-இல் புதுச்சேரியில் காலூன்றினார்கள். ஆங்கிலேயர் 1690-இல் நம் கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடமிருந்து வாங்கினார்கள். இருவரும் தேடி வந்ததில் முக்கியச் சரக்கு துணி. இங்கிருந்து போன பூத்துணி மேல் ஐரோப்பாவில் அப்படி ஒரு மோகம். தங்கள் கம்பளி, பட்டு நெசவாளர்கள் கெட்டுப்போவார்கள் என்று பிரான்சு 1686-இல் அதைத் தடை செய்தது. 1759 வரை அந்தத் தடை நீடித்தது. இங்கிலாந்தும் 1721-இல் அச்சிட்ட பருத்தியை உடுத்தவே கூடாது என்று சட்டம் போட்டது. பருத்தியில் துவைத்தாலும் போகாத நிறம் ஏற்றுவது அங்கே அவர்களுக்குத் தெரியாத வித்தை.

அந்த வித்தையைத் தெரிந்துகொள்ள 1730-களில் போலியே என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி புதுச்சேரியில் சாயக்காரர்கள் வேலை செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்தார். ஒவ்வொரு கட்டத்திலும் துணியில் ஒரு துண்டு வெட்டி எடுத்துக் குறிப்போடு சேர்த்து வைத்தார். அந்தத் துண்டுகள் இன்றும் பாரிசில் இருக்கின்றன. அடுத்து 1742-இல் கெர்து என்ற இயேசு சபைப் பாதிரியார் இந்தக் கரையிலிருந்து ஒரு நீண்ட கடிதத்தில் முழுச் செய்முறையையும் எழுதி அனுப்பினார். (சமஸ்கிருதமும் லத்தீனும் கிரேக்கமும் உறவு என்று 1767-இல் பாரிசுக்கு எழுதியவரும் இவரே. சாயத்தையும் இலக்கணத்தையும் ஒரே கூர்மையோடு பார்த்த மனிதர்.)

செய்முறை இதுதான். அரை வெளுப்பாக வெளுத்த துணியைக் கடுக்காய் அரைத்துக் கலந்த எருமைப் பாலில் நனைத்துக் காயவைப்பார்கள். கடுக்காயின் துவர்ப்பு, பின்னால் வரும் இரும்பையும் படிகாரத்தையும் துணியில் பிடித்து நிறுத்தும். பாலின் கொழுப்பு, எழுதும் கோடு ஊறிப் பரவாமல் காக்கும். இரும்பு ஊறிய நீரால் கறுப்புக் கோடு. சிவப்பு வர வேண்டிய இடத்தில் படிகார நீர். பிறகு சாயவேர் போட்டுக் கொதிக்கவைத்தால் படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும், மற்ற இடத்தில் ஏறிய நிறம் வெளுப்பில் போய்விடும். நீலத்துக்கு அவுரிச் செடியின் சாயத் தொட்டி. நீலம் ஏறக்கூடாத இடமெல்லாம் மெழுகால் மூடப்படும்.

சாயவேர் வேறெதுவும் இல்லை, இருமலுக்கு நாட்டு மருந்துக் கடையில் வாங்குகிற இம்பூறல். கடலோர மணலில் தானாக வளரும் செடி. என் பாட்டி அதைக் கஷாயம் வைத்துக் கொடுத்திருக்கிறார். அதே வேர் பாரிசுச் சீமாட்டிகளின் மேலங்கியில் ரோஜாவாகப் பூத்தது என்பது எனக்கு நாற்பது வயது தாண்டித்தான் தெரிந்தது.

ஜெர்மனியில் 1870 வாக்கில் செயற்கைச் சிவப்பும், 1897-இல் செயற்கை நீலமும் விற்பனைக்கு வந்த பிறகு வேரையும் அவுரியையும் தேடுவார் குறைந்தார்கள். மான்செஸ்டர் எந்திரங்கள் அதற்கு முன்பே அச்சைப் பிடித்துக்கொண்டன. மசூலிப்பட்டினம் பக்கம் பெடனாவிலும், காளஹஸ்தியிலும், கும்பகோணத்தைச் சுற்றியும் கொஞ்சம் மிஞ்சியது. நம் இரண்டு ஊரிலும் அம்மா வாயில் சீட்டி என்ற சொல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. என் பாசத்துக்குக் காரணம் இதுதான்.

ஏப்ரல் 23

மூன்று திருத்தம்.

நேற்று எழுதியது பெரும்பாலும் கையால் எழுதிய பூத்துணி பற்றி. கட்டையால் அடிப்பது வேறு கை வேலை. ஆனால் இரும்பு, படிகாரம், கடுக்காய் என்ற அடிப்படை இரண்டுக்கும் பொது. பக்ருவில் இரும்புத் துண்டுகளை வெல்லத்தோடு ஊறவைத்துக் கறுப்பு எடுப்பார்கள். படிகாரத்தைப் புளியங்கொட்டைப் பசையில் குழைத்துச் சிவப்புக்கு அடிப்பார்கள்.

கலம்காரி என்றால் பேனாவால் எழுதியது மட்டும்தான் என்று ஒருவருக்குத் தனியாகப் பதில் போட்டிருந்தேன். கலம் என்றால் எழுதுகோல்தான், ஆனால் பெடனாவில் கட்டையால் அடிப்பதற்கும் அதே பெயர். காளஹஸ்தியில்தான் எழுதுகோல்.

புதுச்சேரிப் பக்கத்துப் பழைய துறைமுகமான அரிக்கமேட்டில் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே துணி அச்சடித்தார்கள் என்று ஒருவர் சேர்த்திருக்கிறார். அப்படிச் சொல்ல முடியாது. 1945-இல் அங்கே தோண்டிய தொல்லியல் அறிஞர் வீலர், செங்கல் தொட்டிகளையும் வடிகால்களையும் பார்த்து மஸ்லின் என்ற மெல்லிய பருத்தித் துணிக்குச் சாயம் தோய்த்த இடமாக இருக்கலாம் என்று கருதினார். அது ஓர் ஊகம். சாயம் தோய்ப்பது வேறு, அச்சடிப்பது வேறு. நம் ஊர்ப் பெருமைக்காக நீட்ட வேண்டாம், இருப்பதே போதும்.

ஏப்ரல் 26

கேள்வி கேட்டவரின் வெளிறல் பற்றி எழுத உட்கார்ந்தேன். என் பீரோவிலிருந்து ஒன்று நினைவுக்கு வந்தது.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு பக்ரு பாணி டாப்ஸ் வாங்கினேன். சந்தன நிறத் தரை, கறுப்புக் கோட்டில் சிவப்புப் பூ. இரண்டு மாதத்தில் தரை முழுக்கச் சாம்பல் திட்டு விழுந்துவிட்டது. விற்ற கடையில் போய்ச் சண்டை போட்டேன். அவர்கள் “எங்கள் துணியில் குறை இல்லை” என்றார்கள், நான் நம்பவில்லை. பார்த்தவர்களிடமெல்லாம் அந்தக் கடை ஏமாற்றுகிறது என்று சொன்னேன்.

கடுக்காயைப் பற்றி நானே எழுதிய பிறகுதான் யோசனை வந்தது. அந்தச் சந்தன நிறமே கடுக்காய் நிறம். கடுக்காயோடு இரும்பு சேர்ந்தால் கறுப்பு. அந்த வருடம்தான் வீட்டில் போர் ஆழப்படுத்தினோம். வாளியின் உள்விளிம்பில் செம்பழுப்புக் கறை படிந்தது, வெள்ளைத் துணியெல்லாம் மஞ்சளடித்தது.

நாளை ஒன்று செய்து பார்க்கப் போகிறேன்.

ஏப்ரல் 27, மாலை

செய்தேன். இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் போர் தண்ணீர், மற்றதில் கேன் தண்ணீர். இரண்டிலும் கால் ஸ்பூன் கடுக்காய்ப் பொடி போட்டுக் கலக்கி வைத்தேன். கேன் தண்ணீர் மஞ்சளாகவே இருந்தது. போர் தண்ணீர் சில நிமிடத்தில் அழுக்கு ஊதாவாகி, அரை மணியில் நீர்த்த மை போல நின்றது.

துணியில் குறை இல்லை. என் வீட்டுத் தண்ணீரில் உள்ள இரும்பு ஒவ்வொரு துவைப்பிலும் அந்த டாப்ஸின் கடுக்காயோடு சேர்ந்து மை தயாரித்திருக்கிறது. மூன்று வருடம் ஒரு கடையைப் பற்றித் தவறாகப் பேசியிருக்கிறேன். வரும் வாரம் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வருவேன்.

ஏப்ரல் 28

எலுமிச்சை போட்டுத் திட்டை எடுக்கலாமே என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். மடிப்புக்கு உள்ளே ஓரிடத்தில் தேய்த்துப் பார்த்தேன். சாம்பல் திட்டு போனது உண்மை. கூடவே பூவின் கறுப்புக் கோடும் வெளிறிவிட்டது. இரண்டும் ஒரே பொருள்தான், எலுமிச்சைக்குப் பேதம் தெரியாது. அதோடு நிறுத்திவிட்டேன். வினிகரும் வேண்டாம்.

கல்லுப்பு நீரில் ஊறவைப்பது நம் எல்லார் வீட்டிலும் நடப்பது. சாயத் தொட்டியில் உப்பு, சாயத்தை நூல் பக்கம் தள்ள உதவும். அச்சாகிக் கடைக்கு வந்துவிட்ட துணியில் அது எதையும் பிடித்து நிறுத்தாது. பிடிக்காமல் மிஞ்சிய சாயம் முதல் இரண்டு துவைப்பில் போகத்தான் வேண்டும், தனியாக அலசினால் போதும்.

அவுரி நீலம் இன்னொரு ரகம். தொட்டிக்குள்ளிருந்து எடுக்கும்போது துணி பச்சையும் மஞ்சளுமாக இருக்கும், காற்று பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். ஆரோவில்லில் அதைப் பார்த்தபோது என் மகள் கைதட்டினாள். நூலின் மேற்பரப்பில் தங்கும் நீலம் என்பதால் உரசினால் கொஞ்சம் கையில் ஒட்டும். வெள்ளைக் கைப்பையோடு போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

மே 1

டெய்லர் அண்ணனோடு பேச்சுவார்த்தை. சந்தையில் வாங்கிய துணியைக் கேன் தண்ணீரில் இரவு ஊறவைத்து, நிழலில் காயவைத்து எடுத்துப் போனேன். நான்கு விரல் சுருங்கியிருந்தது. நனைக்காமல் தைத்திருந்தால் முதல் துவைப்பிலேயே டாப்ஸ் தம்பி மகளுக்குப் போயிருக்கும்.

அண்ணன் துணியை விரித்துக் கையை அடியில் வைத்துக் காட்டினார். “உள்ள கை தெரியுது பாரும்மா. லைனிங் இல்லாம எப்படி?” அவர் சொல்வது நியாயம்தான். ஆனால் வழக்கமாகப் போடும் லைனிங், பாலியஸ்டர் கலந்த வழுவழுப்புத் துணி. நூறாம் நம்பர் மல் வாங்கி அதற்கு அடியில் அதைத் தைத்தால் மழைக்கோட்டின் மேல் வேட்டி கட்டியது போல ஆகும். கடைசியில் மார்பளவுக்கு மட்டும் வெள்ளை மல் துணியிலேயே லைனிங், கீழே ஒன்றும் இல்லை, அக்குள் தையல் ஒரு அங்குலம் தளர்வு என்று ஒத்துக்கொண்டார். கை வைக்கும் இடத்தை இறுக்கித் தைத்தால் மல் துணி அங்கேதான் முதலில் கிழியும். இதை அவரே சொன்னார்.

சந்தைத் துணி கையச்சா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. கட்டை சேரும் இடமே இல்லை, பூக்கள் எல்லாம் ஒரே அழுத்தம். ஆனால் சாயம் ஊடுருவியிருக்கிறது, மேலே பசை இல்லை, மல் நல்ல மல். கையச்சு என்று சொல்லி விற்காததால் எனக்கு வருத்தமும் இல்லை. கையச்சுக்குக் கூடுதல் காசு கொடுப்பது அந்தக் கைக்காக. குளிர்ச்சிக்கு என்றால் இதுவே போதும்.

மே 3, இரவு

கடைக்குப் போய்வந்தேன். பழைய டாப்ஸையும் இரண்டு டம்ளர் படத்தையும் காட்டினேன். அந்த அம்மாவுக்கு என்னை நினைவிருந்தது. படத்தை அனுப்பச் சொன்னார், மற்ற வாடிக்கையாளர்களுக்குக் காட்ட வேண்டுமாம். “நாங்களும் காரணம் தெரியாமத்தான் முழிச்சோம்” என்றார்.

மே 5

கேள்வி கேட்டவர் கடுக்காய்ச் சோதனை செய்து எழுதியிருக்கிறார். திருப்பாதிரிப்புலியூரில் அவர் வீட்டுத் தண்ணீர் மஞ்சளாகவே நின்றதாம். ஆகவே அவர் பிரச்சினை என் பிரச்சினை இல்லை. அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெளிறியது வெளிப்பக்கம் மட்டும், மடிப்பின் ஓரங்களில் அதிகம். மறுபக்கத்தில் பூவே தெரியவில்லை. விரலால் தடவினால் முரமுரப்பு என்கிறார். மேலே பூசிய பிக்மென்ட் தேய்ந்து போயிருக்கிறது. அது கையச்சு அல்ல. கட்டை சேரும் இடமும் படத்தில் இல்லை.

உங்கள் 850 ரூபாய்க் கோபம் சரி என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன். கையச்சு மேல் போட்ட பழி மட்டும் தவறு. துணியை எடுத்துக்கொண்டு போய், அவர்கள் முன்னாலேயே மறுபக்கத்தைத் திருப்பிக் காட்டிக் கேளுங்கள்.

நேற்று கத்திரி தொடங்கியது. புது டாப்ஸ் தைத்து வந்துவிட்டது. நாளைக் காலை ஏழரை பஸ்ஸுக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறேன். அம்மா மிச்சத் துணியைக் கேட்டு வாங்கித் தலையணைக்கு உறை தைத்துக்கொண்டிருக்கிறார்.